ரெமிங்டன் 700-ஐ மேம்படுத்துவதா, இன்னொரு ரைஃபிள் வாங்குவதா? ஆயிரம் யார்டு சுட விரும்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் தொலைதூரக் குறிசுடுதலுக்கு வருகிறவர்களில் பலரிடம் ஏற்கெனவே ஒரு ரைஃபிள் இருக்கும். பெரும்பாலும் அது வேட்டைக்காக வாங்கிய ரெமிங்டன் 700, .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது. முந்நூறு யார்டு வரை அதில் குறை தெரியாது. 600, 1000 என்று தூரம் கூடும்போது குறி தவற ஆரம்பிக்கும். உடனே பழி துப்பாக்கி மேல் விழும். அதற்கு ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) மாற்று, டிரிகர் மாற்று, பேரல் (குழல்) மாற்று என்று ஒரு பக்கம் யோசனை வரும். இதை விற்றுவிட்டு 6.5 கிரீட்மோர் என்ற வேறு தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்கு என்று மறுபக்கம் யோசனை வரும். இரண்டுமே சில சமயம் சரி, சில சமயம் வீண் செலவு.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த ரைஃபிளுக்கும் கழற்றி மாட்டக்கூடிய பொருள்களில் முதலில் பணத்தைப் போடுங்கள். பேரல் நன்றாக இருக்கும்வரை பழைய ரைஃபிளையே வைத்துச் சீர்படுத்துங்கள். பேரலையும் மாற்றியாக வேண்டும் என்ற கட்டம் வந்தால், சில விதிவிலக்குகள் தவிர, இன்னொன்றை வாங்குவதே லாபம்.

தமிழர்கள் பலருக்குப் பொருந்தும் ஒரு சட்ட விஷயமும் இங்கே உண்டு. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் இதன் மேல் தனி. விசாவில் இருப்பவர்கள் வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளாமல் கடைப் பக்கமே போக வேண்டாம்.

படி 1: எந்தப் போட்டிக்காக என்று முடிவு செய்யுங்கள்

இதைத் தீர்மானிக்காமல் எந்தப் பாகமும் வாங்கக் கூடாது. எஃப்-டிஆர் வகைப் போட்டியில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் இரண்டுக்கு மட்டுமே அனுமதி. ஸ்கோப் (தொலைநோக்கி), பைபாட் (முன்பக்க இரட்டைக் கால்) எல்லாம் சேர்த்து எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. இந்தப் போட்டிதான் உங்கள் ஆசை என்றால் 6.5 கிரீட்மோர் வாங்கினால் களத்திலேயே இறங்க முடியாது, கையில் இருக்கும் .308-தான் சரியான அடித்தளம். அதன் இன்னொரு வகையான எஃப்-ஓப்பனில் 8 மில்லிமீட்டர் வரை எந்தக் காலிபரும் (குண்டின் விட்டம்) ஆகும், எடை 10 கிலோ வரை.

பிஆர்எஸ் (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) பாணிப் போட்டிகள் வேறு மாதிரி. தடுப்புகள், பீப்பாய்கள், கூரைச் சரிவுகள் மேல் துப்பாக்கியை வைத்து, நேரக் கெடுவுக்குள் இரும்புத் தட்டுகளைச் சுட வேண்டும். அங்கே உதைப்பு குறைந்த தோட்டாவும், கழற்றி மாட்டும் மேகசினும் இல்லாமல் .308-உடன் மல்லுக்கட்டுவது சிரமம். அவரவர் தூரத்தில் தட்டை அடித்து மகிழ்ந்தால் போதும், போட்டி வேண்டாம் என்பவர்களுக்கு .308 இன்னும் பல வருடம் போதும்.

தோட்டாவின் வித்தியாசம் இதுதான். 175 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டை நொடிக்கு 2600 அடி வேகத்தில் அனுப்பும் .308-க்கு, 100 யார்டில் ஜீரோ செய்திருந்தால் (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைத்திருந்தால்), 1000 யார்டுக்குச் சுமார் 12 மில் (ஸ்கோப்பின் கோண அலகு) ஏற்ற வேண்டும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அதைச் சுமார் 3 மில் தள்ளும். 140 கிரெய்ன் குண்டை 2700 அடி வேகத்தில் அனுப்பும் 6.5 கிரீட்மோருக்கு ஏற்றம் சுமார் 9 மில், காற்று விலகல் சுமார் 2 மில். ஏற்றம் கூடுவதால் யாரும் தோற்பதில்லை, அது டயலில் திருப்பும் எண் மட்டுமே. காற்றைத் தவறாகக் கணிக்கும்போதுதான் அந்த ஒரு மில் வித்தியாசம் வலிக்கும்: 1000 யார்டில் ஒரு மில் என்பது 36 அங்குலம். ஆனால் அதே காரணத்தால் .308-இல் பழகியவர்கள் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

படி 2: இருக்கும் ரைஃபிளைச் சோதியுங்கள்

மேம்பாட்டுக்குப் பணம் போடும் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். தேவையானது ஒரு இஞ்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்ச், பைபாட், பின்கட்டையின் கீழ் வைக்கும் பை, இரண்டு வகை மேட்ச் (போட்டித் தர) தோட்டா. ஃபெடரல் கோல்ட் மெடல் மேட்ச் 175 கிரெய்னும், ஹார்னடி மேட்ச் 168 கிரெய்னும் நல்ல ஆரம்பம். வகைக்கு 20 தோட்டா சோதனைக்கு. ஜீரோவுக்கும் பேரல் பழகவும் கூட 10.

முதலில் திருகுகள். ஸ்கோப் வளையத்தின் மேல் மூடித் திருகுகள் 15 முதல் 18 இஞ்ச்-பவுண்ட். வளையத்தை ரெயிலில் (ஸ்கோப் பூட்டும் தண்டு) பிடிக்கும் பெரிய நட்டு, குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பிக்காடினி ரெயிலும் கனமான வளையமும் என்றால், பெரும்பாலும் 65. ரெயிலை ரிசீவரில் (பேரல் பூட்டப்படும் உடற்பகுதி) பிடிக்கும் சிறிய 6-48 திருகுகள் 20 அளவில். உங்கள் தயாரிப்பாளர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே முடிவு. "துப்பாக்கி சரியில்லை" என்று வருபவற்றில் கணிசமானவை இந்த இடத்திலேயே குணமாகிவிடும்.

பிறகு பேரலைச் செம்புப் படிவு போகச் சுத்தம் செய்து, பத்து தோட்டா சுட்டுப் பழக்கி, 100 யார்டில் வகைக்கு நான்கு முறை ஐந்து தோட்டாக் குரூப் (ஒரே குறியில் சுட்ட குண்டுகளின் கொத்து) சுடுங்கள். மூன்று தோட்டாக் குரூப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தற்செயலாகவே மூன்று குண்டு ஒரே துளையில் விழும். அடுத்த மூன்று ஒன்றரை அங்குலம் விரியும். நான்கு குரூப்புகளின் சராசரியைப் பாருங்கள்.

சராசரி 1 எம்ஓஏ-வுக்குள், அதாவது 100 யார்டில் ஏறத்தாழ ஒரு அங்குலத்துக்குள் இருந்தால், உங்களைத் தடுப்பது பேரல் அல்ல. 1000 யார்டில் 20 அங்குலத் தட்டுக்கு அது தாராளம். குரூப் இரண்டு கொத்தாகப் பிரிந்தால் ஆக்‌ஷன் திருகு (ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்த ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிடிப்பது), ஸ்டாக்கில் உட்காரும் விதம், ஸ்கோப் மூன்றையும் சந்தேகியுங்கள். சூடேற ஏறக் குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் ஸ்டாக் பேரலைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு டாலர் நோட்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே செருகி, ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள். அடுத்து பைபாடை முன்னே அழுத்திக்கொண்டு அதையே செய்யுங்கள். 700-இன் எஸ்பிஎஸ் மாடலோடு வரும் பிளாஸ்டிக் ஸ்டாக் சும்மா இருக்கும்போது தொடாது, பைபாட் மேல் எடை ஏறியதும் வளைந்து தொடும். பலருடைய மர்மத்துக்கு விடை அந்த நோட்டு சிக்கும் இடம்தான்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் வேகத்தையும் எழுதிவையுங்கள். .308-இல் இரண்டு தோட்டாக்களுக்கு இடையே நொடிக்கு 50 அடி வேறுபாடு இருந்தால், 1000 யார்டில் மேலும் கீழுமாகச் சுமார் ஒன்றரை அடி பிரியும். ஆயிரம் டாலர் பேரல் போட்டாலும் அந்தப் பிரிவு போகாது. அது தோட்டாவின் குறை.

படி 3: ஸ்கோப்பை முதலில் சரிசெய்யுங்கள்

ரைஃபிள் மாறினாலும் ஸ்கோப் கூடவே வரும். ஆகவே எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் இது வீணாகாது. மில் கணக்கில் டயலும் ரெட்டிக்கிளும் (ஸ்கோப்பினுள் தெரியும் குறிக்கோடுகள்) இருக்க வேண்டும், முதல் குவியத் தளத்தில் ரெட்டிக்கிள் இருந்தால் நல்லது, பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறி நகர்வது போலத் தெரியும் பிழை) திருத்தும் திருகு கட்டாயம்.

ஏற்றக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். ஸ்கோப்பின் மொத்த ஏற்ற இறக்கம் 18 மில் என்றால், நடுவில் ஜீரோ ஆனால் மேலே மிஞ்சுவது 9 மில். .308-க்கு வேண்டியது 12. போதாது. 20 எம்ஓஏ சாய்வு உள்ள ரெயில் போட்டால் 5.8 மில் கூடும், மொத்தம் 14.8, தாராளம். ரெயிலின் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். மாற்றிப் போட்டால் 5.8 மில் குறைந்து மேலே 3.2 மில்தான் மிஞ்சும். ரிசீவரின் முன் துளையில் போடும் ரெயில் திருகு நீளமாக இருந்தால் உள்ளே பேரல் மரையிலோ போல்ட்டிலோ (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) முட்டும்: திருகு இறுகியது போலிருக்கும், ரெயில் ஆடும். முட்டுகிறதென்றால் ஒரு சுற்று மரையை அரத்தால் குறையுங்கள்.

ஸ்கோப்பை நேராகப் பூட்ட, 100 யார்டில் தூக்குக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டு, செங்குத்துக் கோடு அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும், 12 மில் ஏற்றும்போது 1000 யார்டில் ஏழரை அங்குலம் பக்கவாட்டில் போகும். பிறகு உயர இலக்குச் சோதனை: கீழே ஒரு புள்ளியை ஜீரோவில் சுடுங்கள், 10 மில் ஏற்றி அதே புள்ளியைக் குறிவைத்துச் சுடுங்கள். துல்லியமாக அளந்த 100 யார்டில் இரண்டுக்கும் இடைவெளி 36 அங்குலம் இருக்க வேண்டும். 35 வந்தால் உங்கள் ஸ்கோப் பத்து மில்லுக்குக் கால் மில்லுக்கும் மேல் ஏமாற்றுகிறது. தொலைவில் தவறிய குண்டுகளுக்கு இத்தனை நாளும் வேறு காரணம் தேடியிருப்பீர்கள்.

படி 4: மேம்பாடு என்றால் இந்த வரிசையில்

முதலில் டிரிகர், காரணம் துல்லியம் அல்ல, பாதுகாப்பு. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர் கொண்ட ரெமிங்டன் 700 ரைஃபிள்களை நிறுவனமே 2014 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. டிரிகரைத் தொடாமலேயே சுட்டுவிடும் வாய்ப்பு இருந்ததே காரணம். அதற்கு முந்தைய வாக்கர் டிரிகர் மேலும் நெடுநாள் வழக்குகள் நடந்தன. பழைய டிரிகரோடு தொலைதூரப் பயிற்சி வேண்டாம். டிம்னி, டிரிகர்டெக் இரண்டும் 150 முதல் 200 டாலருக்குள் கிடைக்கும். இரண்டு ஊசிகளைத் தட்டிக் கழற்றினால் மாற்றிவிடலாம். எடையை 2 முதல் 2.5 பவுண்டில் வையுங்கள். மாட்டியதும் வெற்றுத் துப்பாக்கியில் சோதனை: சேஃப்டியைப் போட்டு டிரிகரை அழுத்தி விடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள், அடிக்கும் ஊசி விழக் கூடாது. போல்ட்டை வேகமாக அறைந்து மூடுங்கள், விழக் கூடாது. பின்கட்டையைத் தரையில் தட்டுங்கள், விழக் கூடாது. ஒன்றில் விழுந்தாலும் தோட்டா போடாமல் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொண்டுபோங்கள்.

அடுத்தது ஸ்டாக் அல்லது சேஸி (ஸ்டாக்குக்குப் பதிலான உலோகச் சட்டகம்). பணத்துக்கு அதிகப் பலன் தருவது இதுதான். மேக்புல் ஹன்டர் 700 சுமார் 300 டாலர், கேஆர்ஜி பிராவோ சுமார் 400. இரண்டுக்கும் உள்ளே அலுமினியப் படுக்கை உண்டு. கன்னம் வைக்கும் உயரத்தை மாற்றலாம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பெரிய ஸ்கோப்பின் பின்னால் தலையைத் தூக்கிப் பிடித்துச் சுடும் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் இருக்கும், பேரலாக்ஸ் பிழை அங்கே புகும்.

மாட்டும் முறை இது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பாருங்கள், போல்ட்டை உருவுங்கள். இரண்டு ஆக்‌ஷன் திருகுகளையும் கழற்றி ஆக்‌ஷனைத் தூக்குங்கள். புதிய சேஸியில் உட்காரவைத்து, திருகுகளை விரலால் மட்டும் இறுக்கி, ரைஃபிளைப் பின்கட்டை கீழே வருமாறு நிமிர்த்தி நிறுத்துங்கள். ரிகாயில் லக் (உதைப்பைத் தாங்கும் முன்பக்க உலோகத் துண்டு) தன் எடையால் பின்னே போய்ச் சுவரில் சாயும். அந்த நிலையிலேயே முன் திருகை முதலில், பின் திருகை அடுத்து, பாதி அளவுக்கு இறுக்கி, மறுபடி அதே வரிசையில் முழு டார்க்குக்கு. அலுமினியப் படுக்கைக்கு 65 இஞ்ச்-பவுண்ட் வழக்கம். தொழிற்சாலைப் பிளாஸ்டிக் ஸ்டாக்குக்கு 45-க்கு மேல் போகாதீர்கள். போல்ட்டைப் போட்டு மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது உரசினாலோ நின்றாலோ முன் திருகு நீளம் அதிகமாகிப் போல்ட்டின் லக்கில் முட்டுகிறது. சேஸியோடு வந்த திருகையே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை அபூர்வம். இந்தச் சேஸிகளுக்கான ஏஐசிஎஸ் வகை மேகசின் (தோட்டாப் பெட்டி) ஒன்று 50 முதல் 90 டாலர். அதையும் கணக்கில் சேருங்கள்.

இதோடு நிறுத்திவிட்டுப் படி 2-ஐ மறுபடி செய்யுங்கள். பெரும்பாலான 700-கள் இங்கேயே ஒரு அங்குலத்துக்குள் வந்துவிடும். வந்துவிட்டால் மீதிப் பணம் தோட்டாவுக்கு.

படி 5: பேரல் என்ற எல்லைக்கோடு

.308 பேரல் சாதாரணமாக 5000 தோட்டா தாங்கும். முன்பு நன்றாக இருந்த குரூப் நிரந்தரமாக விரிந்து, வேகமும் குறைந்திருந்தால் தொண்டைப் பகுதி தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பேரலின் உட்புறத்தைக் காட்டும் போர்ஸ்கோப்பில் தெரியும் விரிசல்களை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை நன்றாகச் சுடும் பேரலிலும் தெரியும்.

பேரல் மாற்ற வேண்டும் என்றால் கணக்கு இப்படி வரும். நல்ல மேட்ச் பேரலும், கன்ஸ்மித் மரை வெட்டி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) கடைந்து பூட்டும் கூலியும் சேர்ந்து 700 முதல் 900 டாலர். ஆக்‌ஷனை நேராக்கச் சொன்னால் இன்னும் 200-க்கு மேல். இதோடு சேஸி 400, டிரிகர் 170, ரெயில் 90, மேகசின் 80 என்றால் மொத்தம் 1500-ஐத் தாண்டும். அதே பணத்தில் புது ரைஃபிளே வரும், உத்தரவாதத்தோடு, அதே வாரத்தில். கன்ஸ்மித்திடமோ சில மாதக் காத்திருப்பு சகஜம். விற்கும்போதும் மேம்படுத்திய 700-க்குப் போட்ட பணம் திரும்பாது. வாங்குகிறவர் பார்ப்பது ரிசீவரில் உள்ள பெயரை.

விதிவிலக்கு மூன்று. உங்கள் போட்டி எஃப்-டிஆர் என்றால் அந்த ஆக்‌ஷனில் நல்ல .308 பேரல் போடுவது நியாயம். டிரிகரும் சேஸியும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் மீதிச் செலவு பேரல் மட்டும்தான், அப்போது மேம்பாடே மலிவு. மூன்றாவது, நட்டு வைத்துப் பூட்டும் ரெமேஜ் வகைப் பேரலை நீங்களே மாற்றும் அளவு கருவியும் பொறுமையும் இருந்தால் 350 முதல் 500 டாலரில் முடியும். .308-இன் போல்ட் முகம் 6.5 கிரீட்மோர், 6 மிமீ கிரீட்மோர், .243 எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அந்தந்தத் தோட்டாவுக்கான கோ, நோ-கோ கேஜ்கள் (சேம்பரின் நீளத்தைச் சோதிக்கும் அளவுகள்) இல்லாமல் இதைத் தொடவே கூடாது. கோ கேஜின் மேல் போல்ட் தடையின்றி மூட வேண்டும், நோ-கோவின் மேல் மூடக் கூடாது. அளக்கும்போது காலித் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டரைக் கழற்றிவிடுங்கள். அதன் ஸ்பிரிங் விரலுக்குப் பொய் சொல்லும். பழைய பேரலைக் கழற்ற ஆக்‌ஷன் ரெஞ்சும் பேரல் வைஸும் வேண்டும்; தொழிற்சாலையில் இறுக்கிய பேரல் எளிதில் அசையாது, தவறான பிடியில் ரிசீவர் முறுக்கிக்கொண்டால் அத்தோடு அது இரும்புத்துண்டு.

படி 6: வாங்குவது என்றால்

பெர்காரா பி-14 ஹெச்எம்ஆர், சுமார் 1000 முதல் 1200 டாலர். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இதன் ஆக்‌ஷன் ரெமிங்டன் 700-இன் அளவுகளைப் பின்பற்றுகிறது. உங்களிடம் இருக்கும் 700 ஷார்ட் ஆக்‌ஷன் சேஸியும் டிரிகரும் பெரும்பாலும் இதில் அப்படியே உட்காரும், மேகசின் ஏஐசிஎஸ் வகையே. பழையதில் போட்ட பணம் கைவிட்டுப் போகாது. ருகர் பிரிசிஷன் ரைஃபிள் 2015-இல் வந்து இந்த விலைப் பிரிவையே மாற்றியது. மடிக்கும் ஸ்டாக், சேஸி எல்லாம் பெட்டியிலேயே, வேறெதுவும் வாங்க வேண்டாம். டிக்கா டி3எக்ஸ் டாக் ஏ1 சுமார் 2000. போல்ட்டின் வழுக்கலும் டிரிகரும் இந்த மூன்றில் மிகச் சிறந்தவை. ஆனால் சேஸி, டிரிகர் எதுவும் 700-இலிருந்து ஒத்துவராது.

6.5 கிரீட்மோர் எடுத்தால் பேரல் ஆயுள் 2000 முதல் 3000 தோட்டா என்று கணக்கில் வையுங்கள். 800 டாலர் பேரல் 2500 தோட்டாவில் தேய்ந்தால் ஒவ்வொரு சுடுதலிலும் 32 சென்ட் பேரலுக்கே போகிறது. ட்விஸ்ட் (பேரலுக்குள் உள்ள சுருள் பள்ளத்தின் திருப்பம்) 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று உறுதி செய்யுங்கள், முன்முனை 5/8-24 மரையோடு இருக்கட்டும், பேரல் நீளம் 24 அங்குலம் அளவில் போதும்.

இரண்டு ரைஃபிளும் வீட்டில் இருக்கப்போகிறது என்றால் .308 தோட்டாவும் 6.5 தோட்டாவும் ஒரே பையில் இருக்கவே கூடாது. தனித்தனி நிறப் பெட்டி, ஒரு நாளில் ஒரு ரைஃபிள் மட்டும் களத்துக்கு. தவறான தோட்டா தவறான சேம்பரில் வெடித்தால் முகத்துக்கு அருகில் நடப்பது அது.

இன்னொரு வழியையும் யோசியுங்கள்: .308, 6.5 கிரீட்மோர் போன்ற சென்டர்ஃபயர் தோட்டாக்களுக்குப் பதில் நல்ல .22 எல்ஆர் ரைஃபிள். 200 யார்டில் .22 குண்டைப் பத்து மைல் காற்று 2 மில்லுக்கு மேல் தள்ளும், அதாவது 6.5 கிரீட்மோர் 1000 யார்டில் படும் பாட்டை இது 200-இல் படும். தோட்டா 10 முதல் 30 சென்ட்; .308 மேட்ச் தோட்டாவோ ஒன்றுக்கு ஒன்றரை டாலருக்குக் குறையாது. சிஇசட் 457 நல்ல தேர்வு. 700 சேஸி கையில் இருந்தால் பெர்காரா பி-14ஆர் அதிலேயே உட்காரும். 1 எம்ஓஏ சுடும் .308 கையில் இருந்து, குறி மட்டும் தவறுகிற ஒருவருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

படி 7: பழையதை விற்கும்போது

சேஸியையும் ஸ்கோப்பையும் கழற்றித் தொழிற்சாலை ஸ்டாக்கை மறுபடி மாட்டி விற்றால், மொத்தமாக விற்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்; சேஸியைத் தனியே விற்பதும் எளிது. தொழிற்சாலை டிரிகர் திரும்ப அழைக்கப்பட்டவற்றில் ஒன்று என்றால் அதைத் திரும்ப மாட்டாதீர்கள், புதிய டிரிகரோடே விற்றுவிடுங்கள். எத்தனை தோட்டா சுட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அமெரிக்கச் சட்டப்படி சீரியல் எண் உள்ள ரிசீவர்தான் துப்பாக்கி. பேரல், ஸ்டாக், டிரிகரைத் தபாலில் அனுப்பலாம், ரிசீவரை வேறு மாநிலத்தவருக்கு உரிமம் பெற்ற வியாபாரி வழியாக மட்டுமே கைமாற்ற முடியும். உள்ளூர் விற்பனையானாலும் அதே வியாபாரியிடம் போய்ப் பின்னணிச் சோதனையோடு கைமாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.